ஆள் இல்லாத வீடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் இருந்த மாக் மண்டின் பக்கம் வீடு எண்ணப் போவேன். எரிவாயுக் குழாய் போகவிருந்த பாதையின் இருபுறமும் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்று எண்ணுவதுதான் என் வேலை. வீடுகள் கூடினால் அந்த இடத்தின் வகுப்பு ஏறும். வகுப்பு ஏறினால், வெடிக்கும் ஆபத்து குறைய, தடிப்பான, விலை கூடிய குழாய் போட வேண்டும். விதி அவ்வளவுதான்.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால், அரசாங்க நிலத்தில், நம்மவர்கள் பலகை வீடு கட்டியிருந்தார்கள். கையில் படிவத்தோடு வருகிறவன் வீட்டை இடிக்கத்தான் வருகிறான் என்பது அவர்கள் முடிவு. அதனால் வாசலுக்கு வாசல் ஒரே பொய்.

"இது சாமான் போடுற ஸ்டோர் தம்பி, ஆளுங்க யாரும் இல்ல லா" என்றார் ஓர் அக்கா. அவருக்குப் பின்னால் கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, ஆள் இல்லாத அந்த வீட்டுக்குள் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார்.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா கேக்குறேன். கணக்குல வந்தாத்தான் தடிப்பான பைப் போடுவாங்க."

அன்று அதை எத்தனையாவது முறை சொன்னேனோ, குரலில் எரிச்சல்தான் மிச்சமிருந்தது. அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. நான் கொடித்துணிகளைப் பார்த்தே எண்ணி, ஒரு வீடு விடாமல் எழுதிக் கொடுத்தேன். வகுப்பு ஏறியது.

சில மாதம் கழித்துப் போனபோது அங்கே ஒரு வீடும் இல்லை. வெறும் தரையில் மெல்லிய குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வீடுகளை அகற்றினாலும் வகுப்பு இறங்கும் என்பது, விதியை மனப்பாடமாக வைத்திருந்த எனக்குத்தான் உறைக்கவில்லை.