இடுப்பளவு தண்ணீரில் ஸ்தனிஸ்லாஸ்

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸுக்குப் பிடிக்காத ஒரே சொல் ஓய்வு. இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறார். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், ஓடுகிறேன் என்றுதான் பதில் வரும். விடியுமுன் தென்னூரிலிருந்து கிளம்பி, கே.கே. நகர் வரை ஓடித் திரும்பி, அந்த வேர்வையோடு அப்படியே வந்து சோபாவில் உட்காருவார். நான் கத்துவேன். மகள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

நான் அதற்கு நேர் எதிர். வீட்டோடு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தெரு முனையில் இருக்கும் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகக்கூட ஸ்கூட்டியைத்தான் எடுப்பேன். ரோசம்மாளுக்கு ஆண்டவர் கால் கொடுத்ததே மிஷின் மிதிக்கத்தான் என்று சொந்தக்காரர்கள் முன்னால் இவர் என்னைக் கிண்டல் செய்வார். செய்யட்டுமே, அந்த மிஷினை மிதித்துத்தான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டேன்.

அவருடைய ஓட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மகள் ஆஷ்லி குறைமாதத்தில் பிறந்தவள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். பிழைப்பாளா என்று டாக்டர்களே உதட்டைப் பிதுக்கிய நேரத்தில், இவர் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தார். பிள்ளை பிழைத்தால், அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை, எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வருஷாவருஷம் மாதா சப்பரத்தின் முன்கம்பியைப் பிடித்து வேளாங்கண்ணி வரை இழுத்துப் போவது என்று. ஆகஸ்ட் கடைசியில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து காவி உடை உடுத்தி ஒரு கூட்டம் நடந்து போகும். சக்கரம் வைத்த சிறிய சப்பரம்தான், ஆனாலும் தஞ்சாவூர் தாண்டும்போது கையும் காலும் கழன்றுவிடும் என்பார்கள். அதற்கான தெம்புக்குத்தான் இந்த ஓட்டம்; இவர் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. நான் கடைசி நாள் பஸ்ஸில் புளிச்சோற்று மூட்டையோடு போய்ச் சேருவேன்.

ஆஷ்லி இந்த வருஷம் ப்ளஸ் டூ. நேர்ச்சைக்கு இதுதான் கடைசி வருஷம். அந்த நேரம் பார்த்து, மே மாதத்தில் இவர் கால் எலும்பில் மயிரிழை விரிசல்.

எலும்பு டாக்டர் ஜஹானாரா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டியும் ஓட்டக் கூடாதாம். இவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாவமெல்லாம் போய்விட்டது. உப்பு ஜாஸ்தி, காபி ஆறிப் போச்சு, ஃபேன் சத்தம் போடுது என்று ஆரம்பித்துவிட்டார். ஓடுகிற புருஷனைச் சமாளிக்கலாம், ஓடாத புருஷனை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

ஜூனில் மறுபடியும் காட்டினோம். எலும்பு கூடுகிறது, இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம், பாரம் காலில் இறங்காது, ஆனால் மூச்சும் தசையும் பழக்கம் விட்டுப் போகாது என்றார் டாக்டர். அவர் நினைத்தது நீச்சல் குளத்தை. இவர் நினைத்தது காவேரியை. அப்போதுதான் மேட்டூர் தண்ணீர் வந்து இறங்கியிருந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குத் தினமும் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா மண்டபத்துக்கு வருகிறவர்கள் முங்குவார்கள், தர்ப்பணம் செய்வார்கள், ஈரத்துணியோடு போய்விடுவார்கள். இவர் மட்டும் ஆழத்துக்குப் போகாமலிருக்கக் கட்டிய சங்கிலிக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துக் கையை வீசி வீசி நடப்பார். அந்தக் கோடிக்குப் போவதும் மிதந்து திரும்புவதும் மறுபடி நடப்பதுமாக இருப்பார். ஒரு முழுக்குக்கூடப் போடமாட்டார். படிக்கட்டில் குடை விரித்து உட்கார்ந்து திதி செய்து வைக்கிற சாரங்கபாணி சாமி சில நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் இறங்கி வந்துவிட்டார்.

“ஸ்வாமி, தினமும் சேவிச்சுண்டிருக்கேன். பெரிய ப்ராயச்சித்தமா இருக்கும் போலிருக்கு. தேவரீருக்குக் கோத்திரம் என்ன?”

“கோத்திரம் இல்லீங்க, சாமி. கால் எலும்புல விரிசல். பேரு ஸ்தனிஸ்லாஸ்.”

சாரங்கபாணி சாமி சிரித்த சிரிப்பில் அடுத்த குடைக்காரர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாளெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவருக்கும் முட்டி போயிருந்தது. மறுநாள் பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். எங்கே மணல் சமமாக இருக்கிறது, எங்கே பள்ளம் என்று காட்டிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு முட்டிவலி மாமிகள் சிலர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். இது எந்தப் பெருமாளுக்கு வேண்டுதல் என்று வெளியூர்க்காரர் ஒருவர் பக்தியோடு கேட்டார். முட்டிப் பெருமாள் என்றார் சாரங்கபாணி சாமி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் படியில் உட்கார்ந்து துண்டுக்குக் காவல் இருந்தேன். ஒருநாள் எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போய்த் திரும்பினால் தண்ணீரில் ஆளைக் காணோம். படியெல்லாம் தேடினேன். சாரங்கபாணி சாமி கண்ணாலேயே ரோட்டைக் காட்டினார். ஈரச் சட்டையும் டிராயருமாக, தோப்பு ஓரமாக, இந்த மனுஷன் திருட்டுத்தனமாக ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கடைசி வருஷம், எலும்பு மறுபடி விட்டுப்போனால் சப்பரத்தை யார் இழுப்பது என்று கேட்டேன். மறுபடி தண்ணீரில் இறங்கிக்கொண்டார்.

இனி இந்த ஆளைக் கரையிலிருந்து பார்த்தால் ஆகாது என்று அடுத்த நாள் சுடிதாரோடு நானும் தண்ணீரில் இறங்கிவிட்டேன். முதல் நாள் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு முட்டியது. காவேரி சும்மா விடுவாளா, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தள்ளுகிறாயா, பார்க்கலாம் என்று நானும் தள்ளினேன். பக்கத்தில் இவர், குனியாதே, மூக்கால் இழுத்து வாயால் விடு, எட்டைச் சின்னதாக வை என்று உயிரை வாங்குவார். ஆடியில் வெள்ளம் வந்து போலீஸ் யாரையும் இறங்க விடாத நாட்களில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து ஆகாயத்தில் சைக்கிள் மிதித்தோம். ஆஷ்லி அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினாள். ஒரு விஷயம் உண்மை, வீட்டில் சிரிப்பு திரும்பி வந்தது. எனக்குப் பசி வந்தது. படுத்ததும் தூக்கம் வந்தது.

ஆகஸ்ட் நடுவில் டாக்டர் ஜஹானாரா மறுபடி படம் எடுத்தார். எலும்பு கூடிவிட்டது. நாடி பிடித்துப் பார்த்து, ஓட்டத்தை விட்ட ஆள் மாதிரியே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். இவர் சப்பரத்தைப் பற்றிக் கேட்டார். வேளாங்கண்ணிக்குத் தாராளமாக நடந்து போகலாம், ஆனால் பாரம் இழுக்கக் கூடாது, இழுத்தால் அதே இடத்தில் விட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, படத்தை உறையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தென்னூர் சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னார், யாத்திரைத் தலைவர் தங்கையன் அண்ணனிடம் வேறு ஆள் போடச் சொல்ல வேண்டும் என்று. இத்தனை வருஷம் இழுத்துக் கடைசியில் கைவிட்டுவிட்டேனே என்று அவர் குரல் உடைந்ததும் எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

“ஏங்க, நேர்ச்சை உங்க காலுக்கா வச்சீங்க? எங்க வீட்டு ஆள் ஒருத்தர்னுதானே வச்சீங்க? நான் யாரு?”

சிக்னல் விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

“நீயா?” என்றார். கிண்டல் இல்லை, பயந்துபோய்க் கேட்டார்.

தங்கையன் அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. முன்கம்பியைப் பெண்கள் பிடித்து வழக்கமில்லை, பாரம் தாங்குமா தங்கச்சி என்று இழுத்தார். கோயில் வளாகத்தில் சப்பரம் அலங்காரம் இல்லாமல் வெறும் வண்டியாக நின்றது. அவரை அதன்மேல் உட்காரச் சொன்னேன். நல்ல சரீரம். முன்கம்பியைப் பிடித்துக் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்து வந்து அவரை இறக்கிவிட்டேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. இறங்கிய அவருக்குத்தான் வாங்கியது.

அப்புறம் என்ன, காவி சுடிதாரில் நான் முன்கம்பியைப் பிடித்தேன். இவர் பக்கத்திலேயே குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நடந்தார், வழியெல்லாம் எட்டைச் சின்னதாக வை என்று சொல்லிக்கொண்டே. ஆஷ்லி இன்னொரு பக்கம் நடந்தாள். தஞ்சாவூர் தாண்டியதும், சொன்னது போலவே கையும் காலும் கழன்றன. காவேரி தள்ளுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் தள்ளினேன். கடற்கரைக் காற்று முகத்தில் பட்டு, மரியே வாழ்க என்று கூட்டம் முழங்கியபோது, அப்பாவும் மகளும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

லாட்ஜ் ரூமைத் திறந்தார்கள். புது விரிப்பு போட்ட மெத்தை. அந்த வேர்வையோடு அப்படியே போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.