சிகாகோ எவ்வளவு தூரம்

மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது சிகாகோ பக்கத்து ஊர் மாதிரி இருந்தது. "இன்னாம்மா பெரிய தூரம்? மெட்ராஸ்ல ஏறி ஒக்காந்தா துபாய்ல ஒருதரம் மாறணும். சாப்ட்டு தூங்கி எந்திரிச்சா வந்துடும்" என்றாள். எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கிறவள் நான். போனேன். ஆறு மாதம் பிள்ளையைக் குளிப்பாட்டி, பத்தியச் சமையல் செய்து, பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். பெற்ற கடன் என்று அப்போது குறை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் விமானம் ஏறிய அன்று என் வீட்டுக்காரர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூடப் போகவில்லையாம். விமானம் நகர்வதைப் போனில் பார்க்க மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்திருக்கிறார். அதற்கப்புறம் டீக்கடையில் அவர்தான் விமான நிலைய அதிகாரி. துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கே கொஞ்சம் காத்திருப்பு, அங்கிருந்து பதினைந்து பதினாறு மணி நேரம் என்று, சின்னசேலத்திலிருந்து சேலத்துக்கு பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்வார். "இன்னிக்கி ஏறுனா நாளிக்கி அங்க. அவ்ளோதான்" என்று முடிப்பார்.

போன வருஷம் அவருக்கு ஈரல் கெட்டுப்போனது. ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகளைப் பார்க்க வேண்டும்.

கொல்லைப்பக்கம் போய் அவளுக்குப் போன் போட்டேன். "ரெண்டு ப்ளேன் மாறணும்மா. கொழந்தய வெச்சிக்கினு ஒரு நாள் முழுக்க எப்டி ஒக்காந்து வர்றது? லீவும் இல்ல. அப்பாவுக்குக் கொஞ்சம் தேறட்டும், வரேன்."

நான் போகும்போது தூங்கி எழுந்தால் வந்த ஊர், அவள் வரும்போது மட்டும் எப்படித் தள்ளிப் போனது? அதையே கேட்டேன். "இங்க இருக்கற கஷ்டம் ஒனக்குத் தெரியாதும்மா" என்று வைத்துவிட்டாள். ஆறு மாதம் அவள் வீட்டில் மாடாக உழைத்தவளிடம் சொல்கிறாள்!

உள்ளே வந்தால் அவர் என் முகத்தையே பார்த்தார். "இன்னா சொன்னா?"

"கெளம்பிட்டாளாங்க. வந்துகினு இருக்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். மகளின் கார் வந்து வெளியே நிற்கக் கூடாதாம், தெருக் கேட்டைப் பூட்ட வேண்டாம் என்றார். மறுநாள் முழுக்க எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கினார். அதற்கு மறுநாள் காலையில், "துபாய்ல மழையாம், லேட்டாவுதாம்" என்றேன். "அப்டியா" என்றார். விமானத்தைப் பார்க்கப் போனைக் கேட்பாரோ என்று பயந்து அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அவர் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கஞ்சி எடுத்துப் போனேன். குடித்தார். வாயைத் துடைத்துவிட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ப்ளேனும் மூணு நாளு பறக்காது. போயி தெருக் கேட்டப் பூட்டிட்டு வா. மாடு உள்ள பூந்துடப் போவுது."

போனேன். பூட்டிக்கொண்டே, பெற்ற மகள் என்றும் பாராமல், அவளை வாய்விட்டுச் சபித்தேன்.