லேயர் ஒன்று யாருக்கு?

பிளாஸ்டிக்குக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சான டையை வெட்டுவதற்கு முன்பே அதற்குள் பிளாஸ்டிக் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் புனேயில் அதை நம்பியவர்கள் குறைவு. நம்பாதவர்கள், படம் அழகாக இருக்கிறது என்பார்கள்.

புனே பக்கம் ரஞ்சன்காவில் தொழிற்சாலை வைத்திருந்த கோயம்புத்தூர்ச் சகோதரர்கள் எங்களிடம் வந்தார்கள். கார் கதவுக்கான பட்டை ஒன்று செய்ய வேண்டும். அடிப்பகுதி கடினமான பிளாஸ்டிக். மேலே மிருதுவான விளிம்பு. இரண்டும் எக்ஸ்ட்ரூடர் என்கிற தனித்தனி மெஷினில் உருகி ஒரே டையில் சேரும். கடினமானதை அண்ணன் கனகராஜ் ஓட்டினார். மிருதுவானதைத் தம்பி செல்வராஜ். இருவரும் கையெழுத்திட்டால்தான் டிசைன், டை வெட்டும் டூல் ரூமுக்குப் போகும். அந்த வாரம் போகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகக் கார் கம்பெனி சொல்லியிருந்தது.

கம்ப்யூட்டர் மாடலில் பிளாஸ்டிக் ஓடும் பாதை துண்டு துண்டாக இருக்கும். ஒரே பொருள் ஓடும் துண்டுகளை ஒரு லேயருக்குள் சேர்த்து, அந்த லேயருக்குப் பொருளைக் கொடுக்க வேண்டும். என் மேலாளர் தேஷ்பாண்டே, வாடிக்கையாளருக்குப் புரியட்டும் என்று லேயர்களுக்கு ஆட்களின் பெயரை வைக்கச் சொன்னார். லேயர் ஒன்று, செல்வராஜ். லேயர் இரண்டு, கனகராஜ்.

கையெழுத்திடத் தம்பியோடு வந்திருந்த கனகராஜ் திரையைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, கம்பெனில நான் ரெண்டாவதுங்களா?"

"நம்பருக்கு அர்த்தமே இல்ல சார். சாஃப்ட்வேருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப மாத்திப் போடறதுல என்ன சிரமமுங்க?"

மாற்றினேன். பிறகு மாடலைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டோம். தம்பியின் பொருள் அதிகம் இளகியது. இளகியது கெட்டியானதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும், அது இயற்பியல். திரையில் செல்வராஜ் கனகராஜை மூன்று பக்கமும் வளைத்திருந்தார், கிளிப் மாட்டும் இடம் உட்பட. அப்படி வந்தால் பட்டை கதவில் நிற்காது.

"இதையத்தான் ஊட்ல பல வருசமாச் சொல்றேன். இப்ப கம்ப்யூட்டரே சொல்லுது பாரு" என்றார் கனகராஜ்.

"அண்ணா, அது பிளாஸ்டிக்குங்கண்ணா."

"கையெழுத்துக் கேட்டு யாரும் வந்துராதீங்க." நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டார்.

தேஷ்பாண்டேவுக்குத் தமிழ் தெரியாது. எழுந்த வேகம் புரிந்தது. "நாம் ஹடாவ், நாம் ஹடாவ்" என்று, பெயரை எடுக்கும்படி இந்தியில் என் காதில் சொன்னார். பெயர்களை எடுத்துவிட்டு 'ஹார்டு', 'சாஃப்ட்' என்று போட்டேன். பிறகு வழியைச் சொன்னேன்: அண்ணன் மெஷினில் பத்து டிகிரி ஏற்றி, தம்பி மெஷினில் பத்து டிகிரி இறக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இளக்கத்துக்கு வரும்.

"எங்கண்ணனுக்குச் சூடேத்தறதுக்கு மெஷினே வேண்டாமுங்க" என்றார் செல்வராஜ்.

கனகராஜ் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஓட்டத்தில் எல்லைக்கோடு நேராக வந்தது. கிளிப் மாட்டும் இடம் சுத்தம்.

"இதுல நான் எதுங்க?" என்றார் கனகராஜ்.

தயங்கிச் சொன்னேன். "கீழ இருக்கறது சார்."

"தாங்கறவன் கீழதான் இருக்கோணும்" என்று பேனாவை எடுத்தார். தம்பி அடுத்துக் கையெழுத்திட்டார். டை வெட்டப்பட்டது, ஆர்டர் தங்கியது. எங்கள் சாஃப்ட்வேர் குடும்பத் தகராறையும் தீர்க்கும் என்று தேஷ்பாண்டே அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். லேயருக்குப் பொருளின் பெயரை மட்டும் வையுங்கள். ஆளின் பெயரை வைத்தால், பிளாஸ்டிக் செய்வதற்கெல்லாம் அந்த ஆள் வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.