ராமேஸ்வரம் போகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்

எங்கள் தெருவில் யார் ராமேஸ்வரம் கிளம்பினாலும் என்னிடம் வந்து விவரம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் போனது ஒரே தடவை, அதுவும் கரி இன்ஜின் ஓடிய காலத்தில். ஆனாலும் நான் சொல்கிற மாதிரி யாரும் விவரமாகச் சொல்வதில்லையாம். சரி, கேட்டால் சொல்வதற்கென்ன. கடலில் குளிக்கக் கெட்டியான நூல் சேலை, அடர்ந்த நிறமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வாயல் சேலையைக் கட்டிக்கொண்டு நனைந்துவிட்டு அப்புறம் கூசிக் குறுகி நிற்காதீர்கள். புளியோதரை ரெண்டு நாள் தாங்கும், தயிர்சோறு வேண்டாம். ஸ்டேசனில் இறங்கியதும் பையைப் பிடுங்க ஆள் வருவான், உங்கள் தாத்தனையே தெரியும் என்பான், நம்பாதீர்கள். பிள்ளைகள் பொறுக்குகிற சிப்பிக்குள் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் எடுத்துவந்தால் மானாமதுரை வருகிற வரைக்கும் பை நாறும். கோயிலுக்கு எதிரே கடல் குளம் மாதிரி கிடக்கும், அங்கே பயமில்லை.

கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அவர்கள் போனபிறகு எனக்கு அன்றைக்குப் பூராவும் யாரோடும் பேசப் பிடிக்காது.

நான் பிறந்தது பரளச்சிப் பக்கம். கண்மாய் நிறைந்தால் அதுதான் எங்களுக்குச் சமுத்திரம். அதுவும் எல்லா வருசமும் நிறையாது. வாக்கப்பட்டு வந்தது அருப்புக்கோட்டைக்கு. வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, கொல்லையில் மூட்டைகள் அடுக்கிய கொட்டகை. வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் ரெண்டு பேர், ஒரு கொழுந்தன். மாமனார் நல்ல மனிதர். கடையில் இருந்தபடியே ஒருநாள் மத்தியானம் தண்ணீர் கேட்டார்; செம்பைக் கொண்டு போவதற்குள் சாய்ந்துவிட்டார். செம்பைக் கொண்டு போனது மாமியார்தான்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு ஒரே கனவு. "கடைவாசல்ல நின்னு தண்ணி கேக்காக. குடுக்கப் போனா செம்புல தண்ணி இல்ல" என்று விடிந்ததும் சொல்லிவிட்டு, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். யாரோ சொன்னார்கள், ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகித் திதி கொடுத்தால் தாகம் அடங்கும் என்று. கொள்ளி வைத்த தலைமகன்தான் முழுக வேண்டும். தலைத்திவசம் முடிந்ததும் போவதென்று முடிவாயிற்று. வருசத்துக்கு ஒருநாள் கடையைச் சாத்தவே யோசிக்கிற குடும்பம், மூன்று நாள் சாத்துவதாகச் சொன்னதும் கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு அது சுற்றுலா. எனக்கும் கடல் பார்க்கிற ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அப்போது எனக்கு வயிற்றில் மூன்றாவது. முந்திய இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் நாள் தள்ளிய உடனே மாமியாரிடம் சொன்னேன். மாமியார் தெருவுக்குச் சொன்னார். பூவும் பலகாரமுமாக வந்து போனார்கள். வந்தவர்களே மறுபடியும் வந்து 'ஐயோ பாவம்' என்று உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அந்த 'ஐயோ பாவம்' இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு வயிற்றுவலியே தேவலை. இந்த முறை வயிறு தானாக வெளியே தெரிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றைச் சொன்னால் அது கால்மணி நேரத்தில் அவருடைய அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டில் நாள் தள்ளுவதை மறைக்க முடியாது. மாதாமாதம் மூன்று நாள் பின்கொட்டகையில் ஒதுங்கி உட்கார வேண்டும். நாலாம் நாள் மாமியார் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அடுப்படிக்குள் வரலாம். ஆகவே அந்த நாள் வந்ததும் ஒன்றுமில்லாமலே போய் உட்கார்ந்தேன். அடுத்த மாதமும் உட்கார்ந்தேன். பொய்தான். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது வந்து சொல்லட்டும். புண்ணாக்கு மூட்டைக்கு நடுவில் கம்பளியை விரித்து, வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓய்வாகப் படுத்திருந்தேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

கோயில் காரியம் என்பதால் நான் சுத்தமாக இருக்கிற நாளாகப் பார்த்து, என் நாலாம் நாள் குளியலிலிருந்து கணக்கெடுத்து மாமியார் பயணத்தைக் குறித்தார்.

அருப்புக்கோட்டையில் ரயிலேறி, திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரையில் இறங்கி ராமேஸ்வரம் வண்டிக்கு மாறினோம். கரிப்புகையில் எனக்குக் குடலைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தேன். மாமியார் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "மோந்துக்க. பொகை ஒத்துக்கல" என்றார். நானும் ஆமாம் புகைதான் என்றேன்.

எதிர்ச் சீட்டில் பரமக்குடி தாண்டி ஒரு அம்மா ஏறினார். மண்டபத்துக்காரர். நாங்கள் முதல் தடவை போகிறவர்கள் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். கடல் தண்ணீர் வாயில் போனால் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. ஈர உடையோடு காற்றில் நிற்கக் கூடாது. தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு முழுக வேண்டும், அலை உருவிக்கொண்டு போய்விடும். இப்படியே சொல்லிக்கொண்டு வந்தவர், "புள்ளத்தாச்சி புருசன் மட்டும் கடல்ல முங்கக் கூடாது தாயி. வயித்துப் புள்ளைக்கு ஆகாது. எங்க பக்கத்துல கால்கூட வைக்க விடமாட்டோம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பிள்ளைத்தாச்சியின் புருசன் பிணம் தூக்கக் கூடாது, புது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தக் கூடாது, இதெல்லாம் எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடல் விசயம் எங்களுக்கு எப்படித் தெரியும்? கடலே இல்லாத ஊரில் கடலில் இறங்காதே என்று யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்? நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போனது. ரெண்டு பக்கமும் தண்ணீர். கொழுந்தன், "ஏயப்பா, இம்புட்டுத் தண்ணி இருக்கு, கமலை கட்டி ஒரு வயலுக்கு இறைக்க ஆகாதே!" என்று கத்தினான். பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலம் முடிகிற வரைக்கும் சொல்வதா வேண்டாமா என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் இத்தனை செலவும் பயணமும் பாழ். செத்துப்போன மனிதர் தாகத்தோடு நிற்பார். சொல்லாவிட்டால் என் பிள்ளை.

ராத்திரி சத்திரத்தில் தங்கினோம். வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாமியார் என்னை ஒட்டியே படுத்துக்கொண்டார்.

காலையில் கடற்கரையில் புரோகிதர் உட்கார்ந்து பிண்டம் வைக்கச் சொல்லி எல்லாம் நடந்தது. பக்கத்தில் பத்துப் பதினைந்து குடும்பம். மந்திரம் முடிந்ததும், "போய் மூணு முழுக்குப் போட்டுட்டு வாங்கோ" என்றார். வீட்டுக்காரர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எழுந்தார். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் புருசனைக் கூப்பிட்டுப் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கூப்பிட்டேன்.

"இந்தாங்க, இறங்காதீங்க. நான் முழுகாம இருக்கேன்."

பக்கத்துக் குடும்பங்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாமியார் மெதுவாகத்தான் பேசினார். "என்ன புள்ள சொல்ற? அன்னைக்கித்தான நாலாந்தண்ணி ஊத்திக்கிட்டே. எங்கையாலதான ஊத்துனேன்?"

"அது பொய் அத்தை. போன மாசமும் சும்மாதான் உக்காந்தேன். கண்ணுபட்டுப் போகும்னு மறைச்சேன்."

"அப்ப பொய் சொன்னியா, இப்பப் பொய் சொல்றியா?"

புரோகிதரைப் பார்த்தேன். அவர், "அப்படின்னா இறங்கப்படாதுதான். நிஜமான்னு நீங்கதான் பேசி முடிவு பண்ணிக்கணும், எனக்கு அடுத்த ஆள் காத்துண்டிருக்கா" என்று தர்ப்பையை எடுத்து வைத்தார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். "நெசமாவா புள்ள?"

"நெசம். எம் பிள்ளை மேல ஆணையா நெசம்."

மாமியார் கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ கடலைக் கண்டு பயந்துபோயிச் சொல்றா. நாள் கணக்கு எனக்குத் தெரியாதா? நீ இறங்குய்யா. ஒங்கப்பா தண்ணிக்கு நிக்காக."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூன்று முறை முழுகினார். ஒவ்வொரு முழுக்குக்கும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினோம். ஜட்கா வைத்து ராமர் பாதம் போனோம். சங்குக் கடைகளில் ஏறி இறங்கினோம். கோயிலுக்குள் கிணறு கிணறாக வாளியில் மொண்டு ஊற்றுகிறார்கள். கல் தளம் வழுக்கும், வயதானவர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். மாமியார் என்னை இரண்டு கிணற்றோடு ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். வீட்டுக்காரர் சிப்பி ஒட்டிய கண்ணாடி ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தார். ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். "நல்லாருக்கா?" என்றார். நல்லாருக்கு என்றேன்.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் எல்லாம் போய்விட்டது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கால் வழியே இறங்கியது. மாமியார்தான் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தெருவில் யாரோ என்னைக் கேட்டதற்கு, "வீட்டுக்குத் தூரம்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. முந்திய இரண்டு தடவையும் அழுவதற்காவது விட்டார்கள். மாதாமாதம் வருவதற்கு யார் அழுவார்கள்? அதே மூட்டைகளுக்கு நடுவில் துணியை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்காரர் ஒரு மூட்டையை எடுக்க வந்தவர் வாசலில் நின்று, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். இப்படி ஒரு பிள்ளை இருந்ததாக அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. மாமியாருக்குக் கனவு நின்றுவிட்டது. நன்றாகத் தூங்கினார்.

பின்னால் மதுரையில் காட்டிய லேடி டாக்டர், கர்ப்பப்பை பலவீனம், கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் கடல் மேல் என்ன வருத்தம்? அது பாட்டுக்குக் கிடந்தது. நான் வாய்விட்டுச் சொல்லியும் இறங்கினாரே, அதுதான்.

ரெண்டு வருசம் கழித்து மறுபடி உண்டானேன். ஆஸ்பத்திரியில் பெயர் பதிய மாமியார் கூட வந்தார். வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நர்ஸம்மா அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எத்தனை?" என்று கேட்டார். நான் "ரெண்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் எல்லோரும் பேசிய கணக்கு அதுதான், எனக்கும் பழகிவிட்டது.

அதற்குள் மாமியார், "மூணும்மா. மூணும் தங்கல" என்றார். "மூணாவது ராமேசுரம் போயிட்டு வந்து போச்சு. எழுதிக்கங்க."

நர்ஸம்மா எழுதிக்கொண்டார். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டேன்.

"ரயில்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா இறங்கச் சொன்னீக?"

சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு இன்னொண்ணு பொறக்கும் தாயி. எனக்கு அவுக ஒருத்தர்தான்."

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமியார் எழுந்து, நான் எழுந்திருக்கக் கையை நீட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.