ஈவிரக்கமற்ற கோழி

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் ஊரே வயிறு முட்டச் சாப்பிடும். சோய் ஹாவுக்கோ அன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. பதினோரு வருடமாக ஒரே தேநீர்க் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவள். படுத்த படுக்கையான கணவனுக்கும் இரண்டு பெண்களுக்கும் அவள் சம்பளம்தான் சோறு.

அன்றைக்கு முதலாளி தாங் ஊழியர்களுக்கு விருந்து வைப்பார். அவித்த கோழியில் ஒரு துண்டைத் தன் உணவுக் குச்சியால் எடுத்து யார் கிண்ணத்தில் வைக்கிறாரோ, அவருக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை. வாய் திறந்து போ என்று சொல்ல மாட்டார், அவ்வளவு பெரிய மனிதர்! வேலை போனவனை, "ஈவிரக்கமத்த கோழி தின்னுட்டான்" என்று ஊர் சொல்லும்.

இந்த வருடம் தன் முறைதான் என்று சோய் ஹா நடுங்கினாள். சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறி ஊறி அவள் வலது கை மரத்துப்போயிருந்தது. ஒரே மாதத்தில் ஏழு தட்டுகள் நழுவி உடைந்தன. ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தொட்டியில் கழுவும் லான் அக்கா முந்திக்கொண்டு, "ஐயோ, என் கை வழுக்கிடுச்சுங்க" என்று கத்துவாள். அப்புறம் இவளிடம், "மூஞ்சிய ஏன்டி அப்படி வெச்சிருக்க? நான் ஒண்டிக்கட்டை. திட்டினா திட்டிட்டுப் போறான் கஞ்சப்பய" என்பாள். ஆனால் போன வாரம் முதலாளி பின்கட்டு வாசலில் நின்று சோய் ஹாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழி வந்தது. அவள் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"கோழித் தலை உன்னத்தான் பாக்குது" என்றான் சமையல்காரன், விளையாட்டாக. அவள் இடது கையால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தாங் குச்சியை நீட்டினார். "ரொம்ப உழைச்சிருக்கீங்க. நல்லா சாப்பிடுங்க."

துண்டு அவள் கிண்ணத்தைத் தாண்டிப்போய் லான் அக்காவின் கிண்ணத்தில் விழுந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள் சோய் ஹா. விட்ட பிறகுதான் உறைத்தது. கூசிப்போனாள். "முதலாளி, அந்தத் தட்டெல்லாம்..." என்று வாயெடுத்தாள்.

"பேசாம சாப்புடுடி, ஆறிடப் போகுது" என்றாள் லான் அக்கா. கோழியைக் கடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்று சமையல்காரனிடம் குறை வேறு சொன்னாள்.

சோய் ஹா மீதியைச் சொல்லவில்லை. வீட்டில் மூன்று வயிறு காத்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் பார்த்தாள்: மேசைக்கடியில் லான் அக்கா இவளுடைய மரத்துப்போன வலது கையை இறுகப் பற்றியிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.