ராக்கம்மா இறக்கிய துண்டுகள்

பசறை டவுனில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஒங்க தோட்டத்துல சுட்டுட்டாங்க தம்பி. மடுவத்துகிட்ட. வெரசா போங்க." மனைவி மேல்மலையில் கொழுந்து எடுக்கிறாள், கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில். அரிசியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

ஜீப்பில் வந்தவர்கள் யாரென்று ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த முத்தையா குண்டு பட்டுப் போய்விட்டார். செல்லம்மாள் மேல் குண்டு படாமல் மறைத்து நின்ற சின்னராசுவும் போனான், செல்லம்மாளும் போனாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ராக்கம்மா ஆயாவும் போய்விட்டார்.

ஆயாவை அறிந்தவர்களுக்கு அவருடைய துண்டுகளைத் தெரியும். ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்திருப்பாள். பிள்ளை பாலுக்கு அழுதால் அந்தத் துண்டு பிள்ளைக்காம்பரா வாசல் கொடியில் ஏறும். தாய் மலையிலிருந்தே பார்த்துவிட்டு இறங்கி வருவாள். துண்டு இறங்கிவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது, வர வேண்டாம் என்று அர்த்தம்.

அடிக்கடி துண்டு ஏறுகிறது, வேலை கெடுகிறது என்று கங்காணி ஒருநாள் சண்டைக்கு வந்தார். ஆயா குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க ஆத்தாவும் இப்படி எறங்கி வந்துதாங்க ஒங்கள வளத்துச்சு" என்றார். கங்காணி அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அன்று வெடிச்சத்தம் கேட்டபோது கொடியில் துண்டுகள் தொங்கின. பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள் என்று தாய்மார் பதறி இறங்கத் தொடங்கினார்கள். அந்தப் பாதையிலோ மடுவத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். ஆயா பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெட்டவெளியில் வந்து துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மலையில் பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியாக இருந்தது எங்கள் பச்சைத் துண்டு. அதில் கை வைத்தபோதுதான் குண்டு பட்டது. விழும்போது அதையும் இழுத்துக்கொண்டே விழுந்தார். அதைப் பார்த்துத்தான் என் மனைவி தேயிலைக்குள் உட்கார்ந்தாளாம். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பச்சைத் துண்டை எத்தனை முறை துவைத்தும் கறை முழுதாகப் போகவில்லை. புது ஆயா வந்ததும், வேறு துண்டு கிழித்துக் கொடுக்கலாமே என்றேன்.

"வேணாங்க. இது அவங்க கையில இருந்தது. இதத்தான் கட்டணும்" என்றாள் மனைவி.

ஆயாவிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது அதுதான். நேற்றுப் பகல் அது மறுபடியும் கொடியில் ஏறியது. என் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு, அழுதுகொண்டே இறங்கி வந்து, மகளுக்குப் பால் கொடுத்தாள்.