பக்கத்து சீட்டு பிரேக்

போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவரை நேரே நரகத்துக்கு அனுப்பிவிட்டாராம். சொன்னது மச்சான். மச்சானுக்குச் சொன்னது முடிவெட்டுகிறவர். இருவருமே தேவாலயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் என்பது வேறு விஷயம்.

நரகத்துக்கு அனுப்பப்பட்டவர் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிறவர். பயிற்சிப் பள்ளிகள் வைத்த பட்டப்பெயர் ‘நியாயத்தீர்ப்பு’. கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஃபெயில். பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கும் ஃபெயில். வீட்டிலும் அதே கண்தான். மனைவி கதவைச் சாத்தினாலும் ஒரு உச்சுக்கொட்டல் உண்டு. மகன் குடித்துவிட்டு வண்டியை மதிலில் ஏற்றிய அன்று, “இனி நீ யாரோ, நான் யாரோ” என்று வெளியே அனுப்பியவர், பிறகு அவனோடு பேசவேயில்லை. வீம்பில் மகனும் அப்பனுக்குச் சளைத்தவன் அல்ல.

ஏற்கெனவே ரிவர்ஸில் ஃபெயிலாகியிருந்த போதகர் மறுபடி தேர்வுக்கு வந்தார்.

“என்னை நரகத்துக்கு அனுப்பிட்டீங்களாமே, பாஸ்டர்?”

“ஐயோ, யார் சார் சொன்னா? நரகத்துல எப்பவும் ரிவர்ஸ்லயே ஓட்டணும்னு சொன்னேன். சொந்த அனுபவம். உங்க பேச்சையே எடுக்கல.”

“பெல்ட்டைப் போடுங்க.”

திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. போதகர், “ஆண்டவரே!” என்று இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். ஆண்டவர் பிடிப்பதற்குள் இவர் பக்கத்து சீட்டுக்கென்று தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை ஓங்கி மிதித்தார். சைக்கிள்காரன் இருவரின் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

“காப்பாத்திட்டீங்க சார்.”

“ஃபெயில் பண்ணிட்டேன். நான் பிரேக் மிதிச்சாலே ஃபெயில்தான்.”

போதகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “பிரசங்கத்துல தொண்டை கிழியக் கத்தியும் எனக்கே இப்பத்தான் விளங்குது. தீர்ப்பு சொல்றவர் மேல எங்கயோ மேஜை போட்டு உக்காரல. பக்கத்து சீட்டுல இருக்கார். இடிச்சா அவர் மூக்கும்தான் உடையும்.”

“பேச்சுக்கு மார்க் கிடையாது.”

“தெரியும். உங்க மகன் எப்படி இருக்கான்?”

“அவனும் ஃபெயில்.”

“ஃபெயிலானவன் அவன். நீங்க ஏன் சார் வண்டியை விட்டு இறங்கினீங்க?”

ஊரையே திருத்துகிறவரைத் திருத்த ஒரு ஆள்! அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே போதகருக்கு ஃபெயில் எழுதினார். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம், “அவன் நம்பர் என்ன?” என்றார்.

“ஃபெயில்னு சொல்றதுக்குன்னா தரமாட்டேன்.”

“ஃபெயில்தான், அதுல மாத்தமில்ல.” குரல் இறங்கியது. “சாப்பிட்டானான்னு கேக்கணும்.”

அவளே எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. அவர் தேர்வு எழுத வந்தவர்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“எடுக்க மாட்டேங்கிறான்டி.”

“உங்க மகனாச்சே, உடனே எடுத்துடுவானா? வைக்காதீங்க.”

அவர் வைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.